மாதம் 1,800 ரூபாய்க்கு ஒரு கார்

படிவம் 16 கைக்கு வரும்போது அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தாளும் வரும். அதன் பெயர் படிவம் 12பிஏ. சம்பளம் தவிர நிறுவனம் வேறென்ன கொடுத்தது, வரிக் கணக்கில் அதற்கு என்ன மதிப்பு என்று சொல்லும் பட்டியல் அது. முதல் வரி வீடு, இரண்டாம் வரி கார். ஒரு பெரிய நிறுவனத்தின் துணைத் தலைவரை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் கொடுத்த காரில்தான் அவர் அலுவலகம் போகிறார், வாடிக்கையாளரைப் பார்க்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போவதும் அதே காரில்தான். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் நிறுவனத்தின் தலையில். ஓட்டுநருக்குச் சம்பளமும் அங்கிருந்தே. அந்தக் காரின் விலை 20 லட்சமா 80 லட்சமா என்று அந்த இரண்டாம் வரி கேட்பதில்லை. 2025-26 நிதியாண்டு வரை ஓராண்டுக்கு அதற்கு நேரே எழுதப்பட்ட தொகை, மிஞ்சிப்போனால், 39,600 ரூபாய்.

இந்தத் தொகை பிறந்த இடம் 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் மூன்றாவது விதி. பணமாக இல்லாமல் பொருளாகவும் வசதியாகவும் ஊழியருக்குக் கிடைப்பதை, அதாவது எச்.ஆர். மொழியில் ‘பெர்க்ஸ்’ எனப்படுவதை, ரூபாயாக மாற்றிச் சொல்வது அதன் வேலை. கார் அலுவலக வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்ந்து ஓடி, ஓட்டும் செலவை நிறுவனம் ஏற்றால், எஞ்சின் 1.6 லிட்டர் வரை உள்ள காருக்கு மாதம் 1,800 ரூபாய். அதற்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் 2,400. ஓட்டுநர் இருந்தால் இன்னொரு 900. சொந்தப் பயணத்துக்கான செலவை ஊழியரே பார்த்துக்கொண்டால் 600, 900 என்று இன்னும் இறங்கிவிடும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வருவது சலுகையாகவே எண்ணப்படாது. 2001-இல் இந்தத் தொகைகள் 1,200, 1,600, 600 என்று இருந்தன. 2009 டிசம்பரில் ஒருமுறை உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு 2025 வரை எத்தனையோ பட்ஜெட் வந்து போய்விட்டது, இந்த அட்டவணையை மட்டும் யாரும் தொடவில்லை.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. 819 பிரிவுகளை 536-ஆகச் சுருக்கிய அந்தச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 21-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அது நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. சட்டம் மாறினால் விதிகளையும் புதிதாக எழுத வேண்டும். அப்படி எழுதும்போது 1,800 என்பதை அடித்துவிட்டு வேறொரு எண்ணை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. கோளாறு எண் சிறியதாக இருப்பதில் மட்டும் இல்லை. காரின் விலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தொகையைக் காரின் மதிப்பு என்று சொல்வதில் இருக்கிறது.

முதலில் எண்ணையே பார்ப்போம். 2009 கடைசியில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 50 ரூபாயைத் தொடவில்லை. 2025-இல் 100-க்கு மேல். 1,800 ரூபாயைக் கொண்டுபோனால் 18 லிட்டர்கூடக் கிடைக்காது, சின்னக் காரின் டேங்க்கில் பாதிதான் நிரம்பும். அதாவது காரின் தேய்மானம், இன்சூரன்ஸ், சர்வீஸ், எரிபொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை டேங்க் பெட்ரோல்தான் மதிப்பு. ஓட்டுநருக்கு மாதம் 900 என்கிறார்களே, சென்னையில் ஒருநாள் முழுக்க ஆக்டிங் டிரைவரை அழைத்தாலே செலவு அதை ஒட்டி வந்துவிடும். வருமான வரித் துறை தானே வெளியிடும் விலைவாசிக் குறியீடு ஒன்று இருக்கிறது. பழைய சொத்தை விற்றால் ஆதாயம் கணக்கிடப் பயன்படுத்துவது. 2001-02-இல் 100 என்று தொடங்கிய அந்தக் குறியீடு 2009-10-இல் 148, 2025-26-இல் 376. 2009-இன் 1,800 ரூபாயை அதன்படி உயர்த்தினால் ஏறத்தாழ 4,570 வருகிறது. 2001-இன் 1,200 ரூபாயிலிருந்து தொடங்கினாலும் 4,512 வருகிறது. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நிற்பதிலிருந்து ஒன்று புரிகிறது: 2009-இல் நடந்தது விலைவாசிக்கு ஈடுகட்டல் மட்டுமே, அதையும் 2025 வரை 16 ஆண்டுகளாகச் செய்யவில்லை. ஆனால் இந்த 4,500-ஐ எழுதிவைத்தாலும் 2001-இன் சலுகை அப்படியே மீட்கப்படுமே தவிர, காருக்கு உண்மை மதிப்பு வந்துவிடாது.

உண்மை மதிப்பு என்ன என்பதை கார் லீஸ் திட்டத்தில் தெளிவாகப் பார்க்கலாம். ஐ.டி. நிறுவனங்களிலும் வங்கித் தலைமையகங்களிலும் பரவலாக இருக்கும் ஏற்பாடு இது. ஊழியர் விரும்பும் காரை ஒரு லீஸ் நிறுவனம் வாங்குகிறது, ஊழியரின் நிறுவனம் மாத வாடகை கட்டுகிறது, அந்த வாடகை அவருடைய மொத்தச் சம்பளத் தொகுப்பிலிருந்தே (சிடிசி) கழிக்கப்படுகிறது. பணம் அவருடையதுதான், சம்பளம் என்ற பெயர் மாறிக் கார் என்ற பெயர் வருகிறது. 15 லட்சம் ரூபாய்க் காருக்கு மாத வாடகை 35,000, ஓட்டும் செலவு 12,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த 47,000-மும் சம்பளமாக வந்திருந்தால், 30 விழுக்காட்டுத் தட்டில் இருப்பவர் கூடுதல் தீர்வையும் சேர்த்து 31.2 விழுக்காடு, அதாவது 14,664 ரூபாய் வரி கட்டியிருப்பார். காராக வந்ததால் 1,800 ரூபாய்க்குத்தான் வரி, 562 ரூபாய். மாதம் 14,100 மிச்சம். நான்காண்டு லீஸ் முடியும்போது ஆறே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இதே கணக்கை வாடகையும் செலவுமாக 1,10,000 ரூபாய் ஆகும் பெரிய காருக்குப் போட்டால் மாத மிச்சம் 33,500-ஐத் தாண்டும். காரின் விலை ஏற ஏற அரசு விட்டுக்கொடுப்பதும் ஏறுகிறது. 12 முதல் 16 லட்சம் வரையிலான தட்டில் 15 விழுக்காடு கட்டுபவருக்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைக்கும் சலுகை இதில் பாதி. அதற்குக் கீழே இருப்பவரிடம் எச்.ஆர். துறை கார் லீஸ் பற்றிப் பேசுவதே அபூர்வம்.

விதியை எழுதியவர்களுக்குக் காரை மதிப்பிடத் தெரியாமல் இல்லை. அதே அட்டவணையில் ஒரு வரி மேலே, கார் முழுக்கச் சொந்த வேலைக்கே பயன்பட்டால் என்ன செய்வது என்று சொல்லியிருக்கிறார்கள்: உண்மையான ஓட்டும் செலவு, ஓட்டுநர் சம்பளம், அதோடு காரின் அடக்கவிலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு தேய்மானம். நிறுவனமே வாங்கிய 15 லட்சம் ரூபாய்க் காருக்குத் தேய்மானம் மாதம் 12,500, செலவு 12,000, ஆக 24,500. அந்தக் கார் மாதத்தில் ஓரிரு நாள் அலுவலக வேலையாக எங்காவது போய்வந்தால் போதும், மதிப்பு 24,500-லிருந்து 1,800-க்கு விழுந்துவிடும். எத்தனை கிலோமீட்டர் அலுவலகத்துக்காக ஓட வேண்டும் என்ற வரம்பு இல்லை. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே நாள்தோறும் கடைகடையாக அலையும் விற்பனை மேலாளரின் காரும், வாரத்தில் ஐந்து நாள் அலுவலக நிலவறையில் நிற்கும் காரும் இந்த விதிக்கு ஒன்றுதான். இடையில் ஒரு வேடிக்கை. ஊழியருக்கு வரி போடும்போது கார் ஆண்டுக்கு 10 விழுக்காடு தேய்கிறது. நிறுவனம் தன் லாபத்தில் கழிக்கும்போது அதே கார் 15 விழுக்காடு தேய்கிறது. பழைய காரை ஊழியருக்கே விற்றால் ஆண்டுக்கு 20 விழுக்காடு. ஒரே கார், வருமான வரிச் சட்டத்துக்குள் மூன்று வேகத்தில் கிழடாகிறது.

எஞ்சின் அளவு என்ற அளவுகோலும் காலாவதியாகிவிட்டது. 2001-இல் 1.6 லிட்டருக்கு மேல் என்றால் பணக்காரர் கார் என்று சொல்ல ஓரளவு முடிந்தது. டர்போ வந்தபிறகு அந்தக் கோடு அழிந்துபோயிற்று. பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1 காரின் பெட்ரோல் வகைக்கு எஞ்சின் 1,499 சிசி, விலை 50 லட்சத்தை ஒட்டி. வருமான வரிக் கணக்கில் அது சின்னக் கார். டிராவல்ஸ்காரர்கள் ஓட்டும் இன்னோவா கிரிஸ்டாவுக்கு 2,393 சிசி, விலை ஏறத்தாழ அதில் பாதி. அது பெரிய கார். மின்சாரக் காருக்கு சிசியே கிடையாது, 1962 விதிகளின் அட்டவணையில் அதற்கென ஒரு வரியும் கிடையாது. வரி என்பதை எந்தப் பொருளில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி.யில் நான்கு மீட்டர் நீளம், பெட்ரோலுக்கு 1,200 சிசி, டீசலுக்கு 1,500 சிசி என்று சின்னக் காருக்கு வேறு இலக்கணம். ஒரே நிதியமைச்சகத்தின் இரண்டு வாரியங்கள் சின்னக் கார் எது என்பதில் ஒத்துப்போகவில்லை.

இதெல்லாம் பழைய விதிகளில் வழக்கமாக இருக்கும் துருதான் என்று ஒதுக்கலாம். ஆனால் மூன்றாவது விதியின் மற்ற பகுதிகளைப் படித்தால் அப்படி ஒதுக்க மனம் வராது. வங்கி ஊழியருக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தால் அந்தச் சலுகையை எப்படி மதிப்பிடுகிறார்கள்? அந்த நிதியாண்டின் முதல் நாளில் ஸ்டேட் வங்கி அதே வகைக் கடனுக்கு வாங்கும் வட்டியை எடுத்து, வித்தியாசம் முழுவதற்கும் வரி. சந்தையில் வட்டி ஏறினால் இவருக்கும் மதிப்பு ஏறும். வங்கி அலுவலர் சங்கங்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. ஸ்டேட் வங்கியின் வட்டியை ஒரே சீரான அளவுகோலாக வைத்தது நியாயமே, அதனால் வழக்குகளும் குறையும் என்று 2024 மே மாதம் நீதிமன்றம் விதியை உறுதி செய்தது. தனியார் நிறுவனம் சென்னையில் வீடு கொடுத்தால் சம்பளத்தில் 10 விழுக்காடு மதிப்பு. சம்பளம் உயர்ந்தால் அதுவும் உயரும். இந்த விழுக்காடுகளை 2023-இல்தான் மாற்றியமைத்தார்கள். கடன் சந்தையோடு நகர்கிறது, வீடு சம்பளத்தோடு நகர்கிறது. நகர்வதற்காகவே செய்யப்பட்ட கார் மட்டும் 2009-இல் நின்றுவிட்டது. கிளார்க்கின் கடனுக்கு வட்டி விழுக்காடு பார்த்துக் கணக்கெழுதும் விதி, மேலதிகாரியின் காரைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்கிறது.

புதிய வரிமுறை வந்தபிறகு இந்த ஓரவஞ்சனை இன்னும் துலக்கமாகிவிட்டது. விகிதம் குறைவு, கழிவுகள் கிடையாது என்பதுதான் அதன் கொள்கை. 2023-24 முதல் அதுவே இயல்பு முறை. அதில் சேர்ந்தவர் வீட்டு வாடகைப் படிக்கான விலக்கை இழக்கிறார், எல்.ஐ.சி. பிரீமியத்துக்கும் பி.எஃப். சந்தாவுக்கும் கிடைத்த 80சி கழிவை இழக்கிறார். கார் மட்டும் தப்பித்துவிடுகிறது. காரணம், அது கழிவும் இல்லை விலக்கும் இல்லை, வெறும் மதிப்பீடு. வாசலில் கழிவுகளைத் தடுத்து நிறுத்தும் காவலாளிக்கு இது கழிவாகத் தெரிவதில்லை. அதனால்தான் புதிய வரிமுறையிலும் வரி மிச்சம் பிடிக்கலாம் என்று லீஸ் நிறுவனங்கள் இதை முன்னே வைத்து விற்கின்றன. பட்ஜெட்டோடு வெளியாகும் வரி இழப்பு அறிக்கையில் 80சி-க்கு ஒரு கணக்கு உண்டு. குறைத்து மதிப்பிட்ட காருக்குக் கணக்கில்லை. சாதாரண ஊழியரின் பயணப்படிக்கு நேர்ந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாதம் 1,600 ரூபாய் வரை அதற்கு விலக்கு இருந்தது. 2018 பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பொதுவான நிலையான கழிவைக் கொடுத்தார்கள். மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து வருபவருக்கும், நிறுவனக் காரில் வருபவருக்கும் அந்தக் கழிவு ஒன்றே. காரில் வருபவருக்கு அதற்கு மேலே காரும் இருக்கிறது.

வேறு வழியில் போய்ப் பார்த்த காலமும் உண்டு. 2005-இல் ப. சிதம்பரம் ஃபிரிஞ்ச் பெனிஃபிட் டாக்ஸ் கொண்டுவந்தார். கார் செலவில் 20 விழுக்காட்டைச் சலுகையாகக் கொண்டு அதன்மீது 30 விழுக்காடு வரி, கட்ட வேண்டியது நிறுவனம். கூப்பாடு எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது: விருந்தோம்பல், மாநாடு, தொலைபேசி என்று உண்மையான தொழில் செலவுகளையும் அது வாரிச் சுருட்டியது. 2009-இல் பிரணாப் முகர்ஜி அதை நீக்கினார், வரி மறுபடி ஊழியர் பக்கம் வந்தது, 1,800 பிறந்தது. நீக்கியது சரியென்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் கார் விஷயத்தில் அந்த வரி செலவோடு சேர்ந்து ஏறி இறங்கியது, நிறுவனங்களும் நான்கு ஆண்டுகள் அதைக் கணக்கிட்டுக் கட்டின. விகிதத்தில் மதிப்பிட்டால் நடைமுறையில் முடியாது என்பதற்கு அது எதிர்ச்சாட்சி.

எதிர்வாதங்களில் வலுவானது எளிமை பற்றியது. எத்தனை கிலோமீட்டர் அலுவலகத்துக்கு, எத்தனை மாமியார் வீட்டுக்கு என்று நாட்குறிப்பு எழுதச் சொன்னால் பொய்க் கணக்கு பெருகும், அதிகாரியின் தொல்லை பெருகும், ஒரே தொகை என்றால் சண்டையே இல்லை என்கிறார்கள். உண்மை. பிரிட்டன் இந்தப் பாடத்தை நன்றாகவே கற்றது. அங்கே 2002 வரை ஆண்டுக்கு 2,500 மைல், 18,000 மைல் என்று இரண்டு எல்லைகள் வைத்து, அலுவலகப் பயணம் அவற்றைத் தாண்டினால் வரி குறையும் என்றார்கள். நிதியாண்டு முடியும் தறுவாயில் மைல் சேர்ப்பதற்காகவே வண்டி ஓட்டினார்கள். ஆனால் அதற்கு அவர்கள் கண்ட தீர்வு எல்லாக் காருக்கும் ஒரே தொகை அல்ல. காரின் பட்டியல் விலையில் இத்தனை விழுக்காடு, அந்த விழுக்காடு புகைக்கு ஏற்ப. ஜெர்மனியில் இன்னும் எளிது: பட்டியல் விலையில் மாதம் 1 விழுக்காடு, வீடு–அலுவலகத் தூரத்துக்குச் சிறிது கூடுதல். நாட்குறிப்பு விரும்புபவர் எழுதலாம், கட்டாயமில்லை. 15 லட்சம் ரூபாய்க் காருக்கு அந்தக் கணக்கில் மாதம் 15,000 மதிப்பு. இன்வாய்ஸ் விலையை ஓர் எண்ணால் பெருக்குவது 1,800 என்று எழுதுவதைவிடக் கடினம் என்று எந்தச் சம்பளப் பிரிவு எழுத்தரும் சொல்லமாட்டார்.

நிறுவனக் காருக்கு ஏற்கெனவே வரிச் சுமை இருக்கிறதே, காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்க முடியாதே என்பது அடுத்தது. முடியாதுதான். சொந்தச் சம்பளத்தில் கார் வாங்குபவராலும் முடியாது. இருவரும் அந்த இடத்தில் சமமாக நிற்கிறார்கள், அவ்வளவே. கார் தொழில் படுத்துவிடும் என்ற பயத்தை லேசாகத் தள்ள முடியாது. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றிப் பிழைப்பவர்கள் இருக்கும் மாநிலத்தில் அப்படித் தள்ளுவது பொறுப்பின்மை. ஆனால் கார் விற்பனைக்கு உதவ வேண்டுமென்றால் அதற்கு வெளிப்படையான வழி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி.யை 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைத்தார்களே, அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த உதவி, சின்னக் காருக்கே கூடுதலாகச் சேர்ந்த உதவி. லீஸ் சலுகை இதற்கு நேர் எதிராக, எட்ட முடிந்த வரை பெரிய காரை எடு என்கிறது. மின்சாரக் காரை ஊக்குவிக்கவும் விலை அடிப்படையே வசதி: பிரிட்டன் 2020-21-இல் மின்சாரக் காருக்குப் பூஜ்ஜிய விழுக்காடு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 2025-26-இல் 3 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அங்கேயே கரியமில வாயுவை மட்டும் பார்த்த விழுக்காடு, டீசலுக்குக் கூடுதல் விகிதம் போட்டும்கூட, நிறுவனங்களை டீசல் பக்கம் தள்ளியதை மறந்துவிடக் கூடாது. இந்த விதியில் நோக்கங்களை அதிகம் திணிக்காமல் இருப்பது நல்லது.

எப்படி எழுதலாம்? புதிய சூத்திரம் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. முழுச் சொந்தப் பயன்பாட்டுக்கு விதியிலேயே உள்ள கணக்கை எடுத்து, இரண்டு பயன்பாடும் கலந்த காருக்கு அதில் பாதி என்று சொன்னால் போதும். பாதி என்பது யாரோ தீர்மானித்த எண்தானே என்றால், ஆம், 1,800-ஐப் போலவேதான். ஆனால் காரோடு சேர்ந்து நகரும். நம் 15 லட்சம் ரூபாய்க் காருக்கு அப்போது மாத மதிப்பு 12,250, வரி 3,822. சம்பளமாக வாங்கியிருந்தால் கட்டியிருக்க வேண்டிய 14,664-இல் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நாலு லட்சம் ரூபாய்ச் சின்னக் காரை வைத்துச் சிக்கனமாக ஓட்டுபவருக்கு இன்னும் குறையும். அலுவலக வேலைக்கே பயன்படும் காருக்கு இப்போதுள்ள பூஜ்ஜிய மதிப்பு அப்படியே இருக்கட்டும். கலந்த பயன்பாட்டில் ஊழியர் தன் கையிலிருந்து நிறுவனத்துக்குக் கட்டும் தொகையை 1962-ஆம் ஆண்டு விதிகள் கழிக்க விடவில்லை. அதையும் கழிக்க விட வேண்டும். கழிக்க விடாதது கணக்கை நேர்மையாக வைத்திருப்பவரைத் தண்டிக்கிறது.

மிஞ்சுவது இப்போது லீஸில் இருப்பவர்கள். 1,800-ஐ நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களிடம் நடுவழியில் கணக்கை மாற்றுவது முறையல்ல. பாதியில் முறித்தால் லீஸ் நிறுவனத்துக்கு அபராதம் கட்ட வேண்டிவரும். 2026 ஏப்ரல் 1-க்கு முன் போட்ட ஒப்பந்தங்களுக்கு அவற்றின் காலம் முடியும்வரை பழைய தொகை, பிறகு எடுக்கும் காருக்கு விலைக் கணக்கு என்று ஒரு வாக்கியத்தில் எழுதிவிடலாம். நான்காண்டு லீஸை மார்ச் கடைசி நாளில் எடுத்தவர்கூட 2030 மார்ச்சில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.